ஃபிளாஸ்க்கில் ஊறுவது

மேசைமேல் இருந்த கருவி சுட்டுவிரல் நீளம்தான். முனையில் ஒரு ரப்பர். மடிக்கும் இயந்திரத்தில் மாட்டினால், ஈரப் போர்வையின் மூலையை வழுக்காமல் பிடித்துக் கொடுக்கும். அதைச் செய்தவன் என்பதால் சலவை ஆலை முழுக்க அவனுக்கு விரல்காரன் என்றே பெயர். இன்று ஒரு பெரிய நிறுவனம் அதன் காப்புரிமையை விலைக்குக் கேட்டு வந்திருந்தது. விற்றதும் பங்கை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்.

"காப்புரிமைக்கு இன்னும் பதினாலு வருஷம் உயிர் இருக்கு," என்றார் அந்த நிறுவனத்திலிருந்து மதிப்பீடு செய்ய வந்த அம்மா. "மத்தவங்க சுத்தி வளைச்சு வேற மாதிரி செய்யவும் இடம் விடல. மூணு நாட்டுல பதிஞ்சிருக்கீங்க. விலைக்கு இதெல்லாம் நல்லதுதான். ஆனா காகிதத்துல இருக்கறபடியே செஞ்சு பாத்தோம் சார். ரெண்டே நாள்ல வழுக்குது."

முதலாளி சிரித்தார். "இவன் கை பட்டாத்தாங்க அது வேலை செய்யும்."

"அதான் ஒப்பந்தத்துல ஆளையும் சேத்து எழுதியிருக்கோம். அஞ்சு வருஷம் எங்க ஆலையில இருக்கணும். இவர் இல்லாட்டி பாதி விலைகூடத் தேறாது."

 காலையில்தான் விரல்காரனுக்கு அக்கா குரல்செய்தி அனுப்பியிருந்தாள். "டேய், டிக்கெட் போட்டியா? அப்பாவப் பாத்துக்க நீ வந்துருவேன்னுதான் மாப்பிள்ளை வீட்டுல பொறுத்திருக்காங்க. இன்னொரு தடவை தள்ளிப்போட எனக்கு மூஞ்சி இல்லடா."

உண்மையில் அவன் கையில் மந்திரம் ஒன்றுமே இல்லை. மாட்டுவதற்கு முன் ரப்பரை ஒரு பகல் முழுக்க வெந்நீரில் ஊறப்போட வேண்டும், அவ்வளவுதான். விண்ணப்பம் எழுதிய வக்கீல் "வேற ஏதும் உண்டா?" என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டிவிட்டான். எல்லாம் தெரிந்துவிட்டால் கறிவேப்பிலையாய்த் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்ற பயம். தவளை தன் வாயால் கெடும். இவன் வாயை மூடிக் கெட்டான்.

சொல்லிவிடலாமா? சொன்னால் யார் வேண்டுமானாலும் செய்துகொள்வார்கள், அவன் கிளம்பிவிடலாம். வாயெடுப்பதற்குள் அந்த அம்மாவே கேட்டார்.

"தம்பி, எதையாச்சும் எழுதாம விட்டிருக்கீங்களா? வேணும்னே மறைச்சதா வெளிய வந்தா காப்புரிமையே விழுந்துரும். அப்புறம் இது பழைய இரும்பு விலைதான்."

முதலாளியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவனையே பார்த்தார். சொன்னால் வெறுங்கையோடு ஊர். அப்பாவின் மருந்துக்குக்கூட வழியில்லை. சொல்லாவிட்டால் அஞ்சு வருஷம். அக்கா அப்பாவின் கட்டிலோரமே கிடப்பாள்.

"இல்லீங்க," என்றான்.

"நல்லது." அந்த அம்மா லேசாக இருமினார். "குடிக்கக் கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

"இவன் ஃபிளாஸ்க்ல எப்பவும் இருக்குமே!" முதலாளிக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "நாள் முழுக்க அத இடுப்புக் குழந்தை மாதிரி தூக்கிட்டுத் திரியறான். ஊத்திக் குடுடா தம்பி."

ஃபிளாஸ்க் அவன் மடியில் இருந்தது. உள்ளே, காலையில் போட்ட ரப்பர் முனைகள். சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது; அக்காவாகத்தான் இருக்கும். மூடியைப் பற்றிய விரல்கள் திருகவும் இல்லை, விடவும் இல்லை. எதிரே அந்த அம்மா காலிக் கோப்பையை நீட்டியபடி புன்னகையோடு காத்திருந்தார்.