குழாயில் கேட்ட சத்தம்

“அண்ணி, குழாயப் புடிச்சு இழுக்காதீங்க! கைப்பிடியப் புடிச்சுத் தூக்குங்க!”

அம்மா இறந்த பிறகு, மெஷின்காரி என்று ஊரே கூப்பிடும் மகள் பேசிய முதல் முழு வாக்கியம் இதுதான். காலை ஆறரைக்கு மூச்சு நின்றதிலிருந்து “ம்”, “சரி”, “பாத்துக்கலாம்” என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை. டாக்டர் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவைக் கூடத்தில் கிடத்தினார்கள். அண்ணன் போனும் கையுமாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான். அப்பா கால்மாட்டில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களுக்கு இடம் வேண்டுமே என்று அம்மாவின் அறையை வாக்குவம் கிளீனரால் சுத்தம் செய்த அண்ணி, வேலை முடிந்ததும் அதை அடம்பிடிக்கும் ஆட்டுக்குட்டியைப்போல் இழுத்து வந்தாள்.

அண்ணி குழாயைக் கீழே விட்டாள். அவள் முகமே சரியில்லை.

“நான் ஒண்ணு பண்ணிட்டேன். திட்டாத.”

“என்ன?”

“அத்தையோட ஒரு தோடு கட்டில் பக்கத்துல ஸ்டூல் மேல இருந்திருக்கும் போல. தட்டி விட்டுட்டேனோ என்னவோ, உள்ள போயிடுச்சு. சத்தம் கேட்டுச்சு. ஏதோ கல்லுன்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா காதுல ஒண்ணக் காணோம்.”

மெஷின்காரி அம்மாவைப் பார்த்தாள். வலது காதில் தோடு இருந்தது. இடது காது வெறுமையாக இருந்தது. காலையிலிருந்து பக்கத்திலேயே நின்றிருக்கிறாள், கண்ணில் படவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“வண்டி எத்தன மணிக்கு?”

“மூணு,” என்றான் அண்ணன்.

“எனக்குப் பத்து நிமிஷம் போதும். அம்மா ரெண்டு தோட்டோடதான் போவாங்க.”

அப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பதினாறு வருடமாக அவள் கடையில் பழுது பார்ப்பது இந்த மெஷின்களை மட்டும்தான். யார் எப்படிக் கெடுப்பார்கள் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கொட்டிய தண்ணீரை இதால் உறிஞ்சி மோட்டாரைக் குளிப்பாட்டுகிறவர்கள் உண்டு. சூடு ஆறாத அடுப்புச் சாம்பலை இழுத்துப் பையைப் பொசுக்குகிறவர்கள் உண்டு. உள்ளே ஒரு பை இருக்கிறது, அது நிரம்பினால் மாற்ற வேண்டும் என்பதே தெரியாமல், “இழுக்க மாட்டேங்குது” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஒரு தையல்காரர் சிந்திய குண்டூசிகளை இதால் பொறுக்கிவிட்டு, பை பொத்தலானது கம்பெனிக்காரன் குற்றம் என்று சண்டைக்கு வந்தார். பூனைக்கு முடி கொட்டுகிறதே என்று ஒரு டீச்சர் பூனைமேலேயே வைத்துவிட்டார். மெஷின் பிழைத்துக்கொண்டது, பூனைதான் வீடு திரும்பவில்லை. பையைப் பிரித்தால் போதும், அந்த வீட்டில் யார் நகம் கடிக்கிறார்கள், யார் ஒளித்துவைத்துத் தின்கிறார்கள் என்று மெஷின்காரி சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் சொன்னதுதான். கடையில் மட்டுமல்ல, இந்த வீட்டிலும்.

வீட்டுக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். மூடியைத் திறந்தால் பை கல்லுப்போல் இறுகிக் கிடந்தது. மாதம் ஒரு முறை மாற்றச் சொல்லி அப்பாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆறு மாதமாக மாற்றவேயில்லை. ஊருக்கெல்லாம் சொல்லி என்ன, சொந்த வீட்டில் இந்த லட்சணம் என்று முணுமுணுத்தபடி கத்தரியால் பையை வெட்டினாள்.

பஞ்சுபோல் தூசி. அம்மாவின் நரைமுடி. நூல் துண்டுகள். தோட்டைக் காணோம். விரல்களால் கலைத்தபோது ஒரு வெள்ளை மாத்திரை உருண்டு வந்தது. கை தவறி விழுந்திருக்கும் என்று ஒதுக்கி வைத்தாள். அடுத்து ஒரு மஞ்சள் மாத்திரை வந்தது. அதன் பின்னால் இரண்டு வெள்ளை. கையை ஆழமாக விட்டு அள்ளினாள். முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு ஒவ்வொன்றும் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டி வந்த நாளிலிருந்து, ஏழு நாளுக்கும் அறை வைத்த டப்பாவில் ஞாயிறுதோறும் அவற்றை நிரப்பியது அவள்தான். “இதப் போட்டா வயித்தப் பொரட்டுதுடி. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு,” என்று அம்மா முதல் மாதமே சொன்னாள். “அதெல்லாம் பழகிடும்,” என்று இவள் முடித்துவிட்டாள். மூன்று வேளையும் கடையிலிருந்து போன். “போட்டாச்சா?” “போட்டாச்சு.” கொஞ்ச நாளில் அம்மாவின் முகம் தெளிந்தது. ஆசையாகச் சாப்பிட்டாள், பழையபடி எல்லோரையும் கிண்டலடித்தாள். “நான் விடாம கொடுத்தேன்ல, மாத்திரை வேலை செய்யுது,” என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இவள் சொல்லிக்கொண்டாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. முதலில் அவளுக்குத் தோன்றியது, இவர் பார்க்கக் கூடாது என்பதுதான். ஒவ்வொரு வேளையும் தண்ணீர் டம்ளரோடு நின்ற மனிதர். பார்த்தால் உடைந்துபோவார். செய்தித்தாளின் நாலு முனையையும் அள்ளிச் சுருட்டினாள்.

“மூடாத, கொட்டிடப் போகுது,” என்றார் அப்பா. மெதுவாக அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். “உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர்.

“மொதல்ல எனக்கும் தெரியாது. ஒரு நா அவ ரூமப் பெருக்கறேன், குழாய்ல டக டகன்னு சத்தம். ஆஃப் பண்ணிட்டுக் குனிஞ்சு பாத்தா கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல அவ்வளவும் கெடக்கு. நிமிந்தேன். உங்கம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லல. திரும்ப ஸ்விட்சப் போட்டேன்.”

பக்கத்து வீட்டில் யாரோ வாளியில் தண்ணீர் பிடித்தார்கள்.

“போட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்கப்பா.”

“இருந்திருப்பா. வாந்தி எடுத்துக்கிட்டு இருந்திருப்பா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“உங்கிட்டயா?” என்றார் அப்பா.

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் அவளைச் சுட்டது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. தூசி படிந்த கையால் முகத்தைத் துடைக்கவும் முடியாமல், புறங்கையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அப்பா அவள் முதுகில் கை வைத்தார், தட்டிக் கொடுக்கவில்லை.

அழுது முடித்ததும் குழாயைக் கழற்றி எடுத்தாள். பையில் இல்லையென்றால் வளைவில் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தரையில் இரண்டு தட்டு தட்டினாள். முடிக்கற்றையில் சிக்கியபடி தோடு வந்து விழுந்தது. தண்ணீர்க் குழாயடியில் அதைக் கழுவினாள்.

“இது ஸ்டூல் மேல எப்படிப்பா வந்துச்சு? தானா கழண்டுச்சா?”

“அவதான் கழட்டினா. நேத்து சாயங்காலம். அந்தப் பக்கமே படுத்துக் காது புண்ணாயிருந்துச்சு. இனிமே இது வேண்டாம்னு சொன்னா.”

மெஷின்காரி ஈரத் தோட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிஷம் என்று அவள் சொன்னது எப்போதோ தாண்டியிருந்தது.

“அப்பா, போடட்டுமா, வேண்டாமா?”

இப்படி ஒரு கேள்வி அவளிடமிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டிக்கொண்டார்.

கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அப்பா பழையபடி கால்மாட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அண்ணி ஓடி வந்தாள்.

“கெடைச்சுதா?”

“கெடைச்சுது அண்ணி.”

“அப்ப சீக்கிரம் போட்டுவிடு. எல்லாரும் பாக்கறாங்க.”

“இல்ல அண்ணி. இருக்கட்டும்.”

அண்ணிக்குப் புரியவில்லை. இடது பக்கத்து முடியை முன்னால் இழுத்துவிட்டால் காது மறையுமே என்று குனிந்து, இரண்டு விரலால் சரி செய்தாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அந்த முடியை மெல்ல எடுத்து, அம்மாவின் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார்.