வெள்ளிமலை பஸ் எலுமிச்சம்பழம்

சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அழைத்தவர் ஓய்வு பெற்ற தெய்வசிகாமணி வாத்தியார். ஷர்புன்னிசா அடுப்பை அணைத்துவிட்டு எடுத்தாள். அவர் போயிருந்த பொலிவியாவில் அப்போது காலை ஏழரை. தன் கட்டுரையில் அவளே எழுதிய கணக்குதான்.

"ஏம்மா, நேத்து வந்து எறங்கனதுல இருந்து தலை வெடிக்குது. ரெண்டு தபா வாந்தி. நீ எழுதியிருந்தியே, அந்த எலுமிச்சம்பழத்தத்தான் மோந்துகினு படுத்துக் கெடக்கேன்."

படுத்திருக்கும் மனிதருக்கு அப்படி மூச்சு வாங்கக் கூடாது.

சென்னை இணையதளம் ஒன்றுக்கு, கள்ளக்குறிச்சி வீட்டில் உட்கார்ந்தபடியே நாடு நாடாக எழுதிக் கொடுப்பது அவள் வேலை. நேரில் போய் வந்த மாதிரி இருக்கணும் மேடம் என்பார்கள். 'தனியாகக் கிளம்புவோருக்குப் பொலிவியா' கட்டுரையில் லா பாஸ் நகரம், பேருந்து, உப்புவெளி எல்லாம் தேடிப் பார்த்துச் சரியாகத்தான் எழுதினாள். காற்று மெலிந்த அந்த உயர மலை உடம்பை என்ன செய்யும் என்ற இடத்தில் மட்டும் சோம்பல் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் புருஷன் அப்துல் ஜலீலோடு வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போனபோது வளைவுகளில் குமட்டியதும், எலுமிச்சம்பழத்தை முகர்ந்ததும் நின்றதும் ஞாபகம் வந்தது. மலை என்றால் மலைதானே! 'எனக்கு ஒரு எலுமிச்சம்பழமே போதுமாக இருந்தது' என்று எழுதிவிட்டாள்.

அதைப் படித்துவிட்டுத்தான் வாத்தியார் சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி அவளைப் பார்க்க வந்தார். மனைவி போனபின் ஒண்டிக்கட்டை. "நம்மூருப் பொண்ணு அம்மாந்தூரம் போயிட்டு வந்துக்குது, நான் போவக் கூடாதா?" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அவளை ஒருவர் அப்படி அண்ணாந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. சொல்ல மனம் வரவில்லை. இப்போது போனில் சொன்னாள்.

"சார், நான் அங்க போனதே இல்லீங்க. பொய்யா எழுதிட்டேன். லாட்ஜ்காரங்களக் கூப்ட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே கீழ எறங்கணும் சார்."

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப... இந்த எலுமிச்சம்பழம்?"

"அது வெள்ளிமலை பஸ்ல சார்."

அந்தப் பக்கம் என்னவோ வெடித்துக் கிளம்பியது. சிரிப்பா, இருமலா, தெரியவில்லை. போன் கீழே விழும் சத்தம் கேட்டது. இணைப்பு அறுந்தது.

திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. ஏழாவது தடவை ஒரு பெண் எடுத்து, புரியாத பாஷையில் படபடவென்று ஏதோ கேட்டாள். ஷர்புன்னிசாவுக்கு அந்த ஊர்ப் பேச்சில் நான்கே நான்கு தெரியும். கட்டுரையின் கடைசியில் அவளே கொடுத்திருந்தாள்: நன்றி, என்ன விலை, பேருந்து நிலையம் எங்கே, ரொம்ப அழகு.

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கிராசியாஸ்... கிராசியாஸ்..." என்று முதல் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தாள்.