சுங்க அதிகாரியின் காதல்

உலகத்தில் இதுவரை எந்தப் பெண்ணும் கடற்கொள்ளையனைக் காதலித்ததில்லை. காதலித்ததாகச் சொல்வதெல்லாம் அவன் சட்டைக்குப் பொத்தான் இல்லாததால் வந்த குழப்பம். கணினிக் காதல் விளையாட்டுகளுக்கு வசனம் எழுதுகிறவன் இதை அலுவலகத்தில் எழுந்து நின்று அறிவித்தான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"மாசக்கணக்கா கடல்ல கிடக்கிறவன். குளிக்கத் தண்ணி ஏது? கிட்டப் போனா மீன் கவிச்சிதான் வரும்."

"நான் வரைஞ்ச ஆளை நீ மோந்து பாத்தியா?" என்றாள் ஓவியக்காரி.

புதிய விளையாட்டில் நாயகிக்கு இரண்டு காதலர்கள். கொள்ளையன் ஓவியக்காரியின் கைவண்ணம். துறைமுகச் சுங்க அதிகாரி இவன் பெற்ற பிள்ளை: ஒழுக்கமானவன், ஓய்வூதியம் உள்ளவன். வெளியாட்களைக் கூப்பிட்டு விளையாடவிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். யாரும் சீண்டாத காதலனை விளையாட்டிலிருந்தே தூக்கிவிடுவார்கள். காலையில் வந்தவர்கள் எல்லாரும் கொள்ளையனோடு கப்பலேறிப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தது இவன் வரவழைத்திருந்த சொந்த அக்கா. வங்கியில் வேலை, கண்டவனை நம்பமாட்டாள்.

அக்கா முதலில் அதிகாரியிடம்தான் போனாள். இவன் நெஞ்சு நிமிர்ந்தது. திரையில் நிலா, அலை, மெல்லிய இசை. அதிகாரி அவள் கண்களை ஆழ்ந்து நோக்கி, 'பெட்டியில் என்ன இருக்கிறது?' என்றான்.

அக்கா ஒரு கொட்டாவி விட்டுவிட்டுக் கப்பலேறினாள்.

"அக்கா! அவன் திருடன்!"

"இருந்துட்டுப் போறான்டா. உன் ஆளு எங்கேருந்து வர்றே, யாரோட வந்தே, ஏன் லேட்டுன்னு கேக்குறான். அதுக்கு வீட்டுலயே ஆள் இருக்கு. இவன் எங்க போகலாம்னு கேக்குறான். சுக்கானை வேற என் கையில குடுத்துட்டான். தள்ளு, புயல் வருது."

நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தபடி சுக்கானைத் திருப்பினாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. சண்டை போட இவனுக்கு மனம் வரவில்லை.

அக்கா கிளம்பியதும் ஓவியக்காரி தீர்ப்பைக் கொண்டுவந்தாள். "அதிகாரியை இப்படியே விட முடியாதாம். வேணும்னா மாத்தி எழுதிக் குடுன்னு முதலாளி சொல்லிட்டாரு."

"எழுதறேன். அதுக்கு எதிரி எப்படிப் பேசுறான்னு பாக்கணும். வேலை விஷயம்," என்றான், யாரும் கேட்காமலேயே.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொள்ளையன் மெல்லத் திரும்பி, 'எங்கே போகலாம்?' என்றான். இவனையும் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"சாப்பிட வர்றியா?" கதவருகே ஓவியக்காரியின் குரல்.

ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டே சொன்னான்:

"நீங்க போங்க. இப்பதான் நங்கூரம் எடுத்தோம்."