கறுப்புப் பூச்சு

ஆய்வகத்துக் கதவைத் திறந்ததும் சூட்டுக்காரியின் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பளபளப்புதான். சூடான காற்றை ஓட்டிச் சோதிக்கிற நீளக் குழாயின் ஜன்னலுக்குப் பின்னால், கறுகறுவென்று இருக்க வேண்டிய பிளேடு, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்த பாத்திரம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

"இதை யார் குளிப்பாட்டினது?"

அறையில் இருந்த எல்லோருக்கும் திடீரென்று அவரவர் கம்ப்யூட்டரில் முக்கியமான வேலை வந்துவிட்டது.

அவளுடைய வேலை சூட்டை அளப்பது. குணமும் ஏறக்குறைய அதுவேதான். அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் சொல்வதும் இல்லை.

பிளேடு என்றதும் சவரக்கத்தியை நினைத்துக்கொள்ளாதீர்கள், கண்ணுகளா. விமான எஞ்சினுக்குள்ளே நெருப்புக் காற்றில் சுழல்கிற உலோக இதழ் அது. உள்ளங்கை நீளம்தான் இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கிற சூட்டுக்கு அந்த உலோகமே இளகிவிடும். இளகாமல் காப்பாற்ற, அதன் உடம்பெங்கும் பொடிப்பொடியாக ஓட்டைகள் போட்டு, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றை ஊதுவார்கள். அந்தக் காற்று மெல்லிய போர்வை மாதிரி பிளேடின் மேல் படிந்து சூட்டைத் தள்ளி வைக்கும். ஓட்டையை எங்கே போடுவது, எப்படிச் சாய்த்துப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த பிளேடின் ஓட்டைகளை வரைந்தவள் பாப்பா. சூட்டுக்காரியின் நாத்தனார். புருஷனுக்கு ஒரே தங்கை, வீட்டுக்குக் கடைக்குட்டி. கல்யாணமாகித் தனி வீடு போய், ஆய்வகத்தில் எல்லோரும் டிசைன் மேடம் என்று எழுந்து நிற்கிற அளவுக்கு வளர்ந்த பிறகும் வீட்டில் அவள் பாப்பாதான்.

நாத்தனார் வரைவாள், அண்ணி அளப்பாள். அளப்பது வெப்பக் கேமராவால். சூடான பொருள் எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை வீசிக்கொண்டே இருக்கும். கேமரா அதைப் பிடித்து, சூடான இடத்தைச் சிவப்பாகவும் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டும். ஆனால் பளபளக்கிற உலோகம் இருக்கிறதே, அது அழுத்தக்காரி. தன் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர்களின் சூட்டைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும். எதிரே குளிர்ந்த சுவர் இருந்தால் நானும் குளிர்ந்துதான் இருக்கிறேன் என்று சாதிக்கும். அதற்காகத்தான் மங்கலான கறுப்புப் பூச்சைத் தெளித்துவிட்டு அளப்பார்கள். பூச்சு இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லும்.

ஒருதடவைகூட அளப்பதற்கு முன்பே அந்தப் பூச்சைத்தான் யாரோ துடைத்திருந்தார்கள்.

"நேத்து விருந்தாளிங்க வந்தாங்க மேடம்," என்று கடைசியில் ஒரு குரல் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து வந்தது. "கறுப்பா இருந்தா போட்டோவுல எடுப்பா இருக்காதுன்னு சார் சொன்னாரு. டிசைன் மேடம்தான் பெயிண்ட் கரைக்கிற தின்னர் போட்டுத் துடைச்சாங்க."

"துடைச்சுட்டு?"

"அப்படியே ஓட்டிக் காட்டினோம். முழுக்க நீலமா வந்துச்சு. எல்லாரும் கை தட்டினாங்க."

நேற்று சூட்டுக்காரி ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாமனாருக்குக் கண் ஆபரேஷன். பாப்பாவைப் பெற்ற அப்பாதான் அவர். பாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை, அண்ணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே அவள் கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே இவர்கள் கேமராவின் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள்.

விறுவிறுவென்று இயக்குநர் அறைக்குப் போனாள். வழியில் தாழ்வாரச் சுவரில் அந்தப் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. தலையிலிருந்து கால்வரை நீலமாக ஒரு பிளேடு. கீழே பாப்பாவின் பெயர்.

இயக்குநருக்குப் புன்சிரிப்பு என்று பெயர். எதற்கும் சிரிப்பார். யாருக்காவது வேலை போனாலும் அதே சிரிப்போடுதான் சொல்வார்.

"உக்காரும்மா. மாமனாருக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"அவர் கண்ணு நல்லா இருக்கு சார். நம்ம கண்ணுதான் சரியில்ல. பூச்சைத் துடைச்சுட்டு எடுத்த படம் அது."

"நேத்து நம்ம எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷமான நாள்."

"பிளேடுக்குள்ள சூட்டை நேரா அளக்க ஒரு தெர்மோகப்பிள் கம்பி பதிச்சிருக்கோமே, அது நேத்து என்ன சொல்லிச்சுன்னு யாராவது பார்த்தீங்களா? நான் பார்த்துட்டுத்தான் வரேன். கம்பி சூடுங்குது, கேமரா ஜில்லுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய்."

"கம்பி பழசும்மா. கழண்டிருக்கும்."

"போன வாரம் சரிபார்த்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? உங்க விருந்தாளி வந்ததைப் பார்த்து வெக்கப்பட்டுக் கழண்டுடுச்சா?"

புன்சிரிப்பு அதற்கும் சிரித்தார். அவருக்குத் தெரியாமல் இல்லை. வெப்பக் கதிர்கள் பற்றி இளைஞர்களுக்கு வகுப்பெடுத்தவரே அவர்தான். பளபளப்பு எப்படி ஏமாற்றும் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவர். தெரியாதவரிடம் கோபப்பட முடியாது, சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தே சிரிப்பவரை என்ன செய்வது? சூட்டுக்காரிக்குக் காது மடல் கொதித்தது.

"சார், இதே ஓட்டை போட்ட பிளேடுகளைச் செஞ்சு தயாரா வெச்சிருக்காங்க. நாளைக்கு எஞ்சின் பிரிவுல இருந்து வந்து இந்தப் படத்தைப் பார்த்துட்டுச் சரின்னா, நேரா சோதனை எஞ்சின்ல மாட்டிடுவாங்க. அதை ஓட்டுறவங்க சுவருக்கு அந்தப் பக்கம் உக்காந்திருப்பாங்க. பிளேடு இளகித் துண்டானா, சுவரைக் கேட்டுக்கிட்டா பறக்கும்? மறுபடி பூசி ஒருதடவை ஓட்டிடலாம். அரை நாள் வேலைதான்."

"ஓட்டலாம்மா, ஓட்டலாம். எஞ்சின் வேலை முடியட்டும். நாளைக்குக் கேமராவை நீதான் பார்த்துக்கணும். விருந்தாளிங்களுக்குக் காட்டின மாதிரியே காட்டிடு, சரியா?"

அவள் கதவைச் சாத்திய சாத்தில் அவருடைய மேஜைக் கண்ணாடி அதிர்ந்ததாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் பாப்பா அப்பாவைப் பார்க்க வந்தாள். மாமனார் கண்ணில் மூடி போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருந்தார். சூட்டுக்காரி பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். பாப்பாவின் முகத்தில் நேற்றைய கைதட்டல் இன்னும் வடியவில்லை.

"அண்ணி, படத்தைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். நல்லா எடுத்திருக்கீங்க. எதிர்ச் சுவரை."

"என்னது?"

"நீ எடுத்தது பிளேடோட படம் இல்ல பாப்பா. அந்த அறைச் சுவரோட படம். பிளேடுல கை வைக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட உனக்கு விரல் இல்லையா?"

"போட்டோவுக்காகத் துடைச்சேன். திரும்பப் பூசிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள வந்துட்டாங்க, சார் ஓட்டச் சொல்லிட்டாரு. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க…"

"யாரோட அப்பாவுக்காக?"

பாப்பாவின் முகம் சுருங்கியது. சூட்டுக்காரியின் புருஷன் உள்ளறையிலிருந்து ஓடி வந்தான். "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு."

"எனக்குக் கண்ணுலதான்டா ஆபரேஷன், காதுல இல்ல. நீ போ, அவங்க பேசட்டும்," என்றார் நாற்காலியிலிருந்து மாமனார்.

"பேசறதுக்கு என்னப்பா இருக்கு?" பாப்பாவின் குரல் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து கூர்மையாக வந்தது. "அந்த ஓட்டை ஒவ்வொண்ணும் நான் வரைஞ்சது. எத்தனை வருஷமா அதோடவே கிடக்கறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குக் கை தட்டினாங்க. அது அண்ணிக்குப் பொறுக்கல. படத்துல என் பேர் இருக்கு, அவங்க பேர் இல்ல. அதுக்குப் பேரு பொறாமை."

சூட்டுக்காரி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"என் பேர் இல்லாததுதான் அந்தப் படத்துல இருக்கிற ஒரே உண்மை."

பாப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். புருஷன் கொஞ்ச நேரம் வாசலையும் பெண்டாட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"நீ கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம்."

"ஏங்க, நான் மெதுவாச் சொன்னா பிளேடு மெதுவா இளகுமா?"

மறுநாள் எஞ்சின் பிரிவுத் தலைவி வந்தாள். கட்டையாக வெட்டிய முடி, நகக்கண்ணில் எண்ணெய்க் கறை, தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத வாய். புன்சிரிப்பு எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் டீ வரவழைத்தார். குழாயை ஓட்டினார்கள். ஆய்வகக் குழாயில் ஓடுவது எஞ்சினின் நெருப்புக் காற்று இல்லை. குளிக்கிற வெந்நீர் அளவுக்குச் சுட வைத்த காற்றுதான். அதில் பிளேடு எவ்வளவு சுடுகிறது என்பதை வைத்து, எஞ்சினில் எவ்வளவு சுடும் என்று கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

பெரிய திரையில் பிளேடு நீலமாக எழுந்தது. புன்சிரிப்பு கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். பாப்பா சுவரோரம் நின்றாள். அண்ணி பக்கம் திரும்பவே இல்லை.

"ரொம்ப நல்லா இருக்கே," என்றாள் தலைவி. பாராட்டா சந்தேகமா என்று தெரியவில்லை.

சூட்டுக்காரி தன் டீயை எடுத்தாள். குடிக்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்தில், குழாயின் ஜன்னலுக்கு நேராக நீட்டினாள்.

திரையில், நீலமான பிளேடின் நட்டநடுவில், சிவப்பாக ஒரு வட்டம் மலர்ந்தது.

"என்ன அது?" தலைவி முன்னால் வந்தாள்.

"டீ."

"டீயா?"

"சார் வாங்கிக் கொடுத்த டீ. சர்க்கரைதான் கொஞ்சம் கம்மி." கோப்பையை இடப்பக்கம் நகர்த்தினாள், சிவப்பும் கூடவே நகர்ந்தது. மேலே தூக்கினாள், அதுவும் ஏறியது. "பூச்சு இல்லாம வெறும் உலோகத்தை ஓட்டறாங்க. இது தன் சூட்டைக் காட்டல. எதிரே யார் வந்து நின்னாலும் அவங்களைக் காட்டுது."

"என்னம்மா விளையாட்டு இது!" என்று புன்சிரிப்பு கோப்பையைப் பிடுங்கக் குனிந்தார். திரையில் பிளேடின் மேல் மஞ்சளாக, வழவழவென்று, அவருடைய வழுக்கை உதயமாயிற்று. யாரோ களுக்கென்று சிரித்து, அவசரமாக இருமிக்கொண்டார்கள்.

அவர் நிமிர்ந்தார். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, கொஞ்சம் கோணலாக. "சின்ன பிரதிபலிப்புதான். கணக்குல கழிச்சுக்கலாம். பெரிய விஷயம் இல்ல."

"எதைக் கழிப்பீங்க சார்?" சூட்டுக்காரி வெடித்தாள். "டீயையா, சுவரையா, உங்க தலையையா? கம்பி கத்துது, அதைக் கழண்டதுன்னு சொல்லி வாயடைச்சீங்க. நான் கத்தறேன், என்னையும் கழண்டவன்னு சொல்லிடுங்க! எஞ்சினை ஓட்டறவங்க கிட்ட போய் என்ன சொல்லுவீங்க?"

தலைவி கையை உயர்த்தினாள். அறை அடங்கியது. அவள் புன்சிரிப்பையும் பார்க்கவில்லை, சூட்டுக்காரியையும் பார்க்கவில்லை.

"இதை டிசைன் பண்ணினது நீங்கதானே?" என்றாள் பாப்பாவிடம். "நீங்க சொல்லுங்க. மாட்டலாமா?"

"சொல்லும்மா," என்றார் புன்சிரிப்பு, தேன் ஒழுக.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தாழ்வாரத்தில் தொங்கும் படம் தொங்கிக்கொண்டே இருக்கும், கைதட்டலும் அவளுடையதாகவே இருக்கும். பாப்பா திரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு விடுவிடுவென்று அலமாரிக்குப் போய்க் கறுப்புப் பூச்சு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். உள்ளே இருந்த குண்டு கடகடவென்று அடித்துக்கொண்டது.

"குழாயை நிறுத்துங்க," என்றாள். "அண்ணி, ஜன்னலைக் கழட்டுங்க."

"இன்னும் குலுக்கு. திட்டுத்திட்டா விழும்."

"தெரியும்."

"உள்ளே காத்தை ஊதிக்கிட்டே தெளிக்கணும். இல்லன்னா உன் ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்."

"தெரியும்னு சொல்றேன்ல!"

"தெரிஞ்ச லட்சணம்தான் பார்த்தேனே," என்று முணுமுணுத்துக்கொண்டே சூட்டுக்காரி காற்றைத் திறந்துவிட்டாள்.

இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பூசினார்கள். பூச்சு காய்வதற்குள் புன்சிரிப்புக்கு அவசரமாக யாருக்கோ போன் பேச வேண்டியிருந்தது. தலைவி மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தபடி காத்திருந்தாள்.

மறுபடி ஓட்டினார்கள். நீலம் வந்தது, முனையில் கொஞ்சம், அடியில் கொஞ்சம். நடுவிலோ, ஒரு ஓட்டை வரிசைக்குப் பின்னால், நெருப்பு நாக்கு மாதிரி நீளமாகச் சிவப்பு. கம்பி சொன்ன சூடும் கேமரா சொன்ன சூடும் ஒன்றாக இருந்தன. சூடாக வேறொரு டீ வரவழைத்து நீட்டிப் பார்த்தார்கள். பிளேடு அசையவில்லை, சிவந்தது சிவந்தபடி இருந்தது.

"இதை மாட்ட முடியாது," என்று தலைவி எழுந்தாள். "சரியானதும் கூப்பிடுங்க. பூச்சோட."

அவள் போனதும் புன்சிரிப்பு திரும்பி வந்தார். திரையைப் பார்த்தார். "நல்லவேளை. இன்னொருதடவை பார்த்துடணும்னு நான் முதல்லயே நெனச்சேன்," என்றார்.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே நேரத்தில் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் இருந்த சூட்டுக்கு, கண்ணுகளா, அந்தக் குழாயே தேவையில்லை. மனிதர் வந்த வழியே போய்விட்டார்.

பாப்பா தாழ்வாரத்துக்குப் போனாள். காகிதம் கிழிகிற சத்தம் நீளமாகக் கேட்டது. திரும்பி வந்தவள் திரைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. விரலெல்லாம் கறுப்பு.

"முந்தாநேத்து அது நீலமா வந்தப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு," என்றாள், யாரையும் பார்க்காமல். "கைதட்டல்ல அமுங்கிடுச்சு."

சூட்டுக்காரி கம்பி காட்டிய சூட்டை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"அதுக்காக அத்தனை பேர் முன்னாடி டீயைக் காட்டி என் மானத்தை வாங்கிட்டீங்க. அதை மறக்க மாட்டேன் அண்ணி."

"மறக்காதே. பொறாமைன்னு சொன்னியே, அதை நானும் மறக்கறதா இல்ல."

"சரி."

"சரி."

பிறகு பாப்பா நாற்காலியை முன்னால் இழுத்து, அந்தச் சிவப்பு நாக்கைக் கறுத்த விரலால் தொட்டாள். திரையில் கறை பதிந்தது. "இந்த வரிசை செங்குத்தா இருக்கு. காத்து மேல படியாம எழும்பிப் போகுது. இன்னும் சாய்க்கணும்."

"ஓட்டை உன் பாடு. சாய்ச்சுக் கொண்டா, அளந்து சொல்றேன்."

"ராத்திரி அப்பாவுக்குக் கண்ணுமருந்து நான் வந்து போடறேன்."

"இந்தக் கையோடவா?"

பாப்பா தன் விரல்களைப் பார்த்தாள்.

"போய்த் துடைச்சுட்டு வா," என்றாள் சூட்டுக்காரி, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "தின்னர் எங்கே இருக்கும்னுதான் உனக்கு நல்லாத் தெரியுமே."