ஒரு ஊட்டுக்கு ஒரு மெயில்

என் படங்களை அழித்தது வைரஸ் இல்லை, எவனோ ஒரு திருட்டுப் பயலும் இல்லை. என் அக்கா கலைமணி. அதுவும் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தாள்.

அன்றைக்கு எங்கள் ஊரில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. கல் வரப்புக் கட்டுவது. கட்டியவர்கள் பெண்கள், நான் பொறுப்பாளர். எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாக ஒருத்தி பி.எஸ்சி. தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கினால் அவளுக்குக் கிடைக்கும் உத்தியோகம் இது. வந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துக் காலையில் ஒரு படம், மத்தியானம் ஒரு படம் எடுத்து ஏற்ற வேண்டும். படம் ஏறவில்லை என்றால் கூலி இல்லை. மலைமேல் திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊருக்கு சிக்னல் வருவது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும்தான். நல்லவேளை, வரப்பு அதை ஒட்டியே போனது.

வேலைப் படம் ஏறி முடிந்ததும் அக்காவைப் பார்ப்பது என் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் ஹாஸ்டலில் இருந்தபோது, மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்ற வந்த லாரி டிரைவரோடு அக்கா போய்விட்டாள். அப்பா குப்புசாமி அவளைத் தேடவில்லை. வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்த படங்களைக் கழற்றி அடுப்பில் வைத்தார். ரேஷன் கார்டில் பேரை எடுக்க வைத்தார். அவள் பேரைச் சொன்னால் சோற்றுத் தட்டை விட்டு எழுந்து போவார். அதனால் யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு அக்காவின் முகம் இருந்த ஒரே இடம் என் போன்.

போன் என்றால், போனுக்குள்ளேயே இல்லை. என்னுடையது சின்ன போன். வேலைப் படங்கள் நிறைந்ததும் 'இடத்தைக் காலி செய்யவா?' என்று கேட்கும். சரி என்பேன். பழைய படங்கள் எல்லாம் கிளவுடில் இருக்கின்றன, போனில் தெரிவது அதன் நிழல்தான் என்று தெரிந்துதான் சரி என்பேன். அக்காவும் அம்மாவும் கிழங்குக் குவியல் மேல் உட்கார்ந்து சிரிக்கிற படம். கோயில் நோன்பித் திருவிழாவில் அக்கா கரகாட்டக்காரியைப் போல இடுப்பை வளைத்துக்காட்டிய படம். என்னை ஹாஸ்டலில் விட வந்த அன்று, இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் முறைக்கிற படம்.

அன்று மத்தியானம் திறந்தபோது கிழங்குக் குவியல் இல்லை. மேலும் கீழும் தள்ளித் தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே நோன்பிப் படம் காணாமல் போனது. பக்கத்துப் படம் நகர்ந்து அந்த இடத்தில் நின்றது. வரிசையில் ஒருத்தி விலகினால் அடுத்தவள் நகர்ந்து நிற்பாளே, அந்த மாதிரி. அப்புறம் அதுவும் போனது.

"ஏங் கண்ணு, போனையே வெறிச்சுட்டு நிக்கற? மாப்ள போட்டோ வந்துருச்சா?" என்று கேட்டாள் மாதம்மாள். கல் சுமக்கிற கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"வந்துருந்தா எதுக்கு மூஞ்சி அப்பிடிப் போவுது? மாப்ள வழுக்கையாட்ட இருக்குது," என்றாள் இன்னொருத்தி.

"வழுக்கைன்னா என்னங்கறேன், எண்ணெ மிச்சம்."

"போயிக் கல்லத் தூக்குங்க எல்லாரும்!" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே போனார்கள்.

சாயந்திரம் பஸ் பிடித்து செம்மேட்டில் தனபால் அண்ணனின் செல்போன் கடைக்குப் போனேன். இந்த மலையில் பாதிப் பேருக்கு போனை முதன்முதலாகத் திறந்துகொடுத்தது அவர்தான். அக்கா சமவெளியில் நூல் மில்லுக்குப் போய் முதல் போன் வாங்கியபோது அவர்தான் மெயில் போட்டுக்கொடுத்தார். அவள் அடுத்த போன் வாங்கிப் பழையதை எனக்குக் கொடுத்தபோது, எனக்குத் தனி மெயில் போடச் சொல்லிக் கேட்டோம். "ரேஷன் கார்டாட்டந்தாங்க இதுவும். ஒரு ஊட்டுக்கு ஒண்ணு இருந்தாப் போதும். எதுக்கு ரெண்டு பாஸ்வேர்டை ஞாபகம் வெக்கறீங்க?" என்றார். எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரே வீடுதானே. இரண்டு போன் படங்களும் அந்த ஒரே மெயிலில்தான் போய்ச் சேர்ந்தன.

இப்போது என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"இந்த மெயில்ல ரெண்டு போனு காட்டுதுங்க. ஒண்ணு உங்குளுது. இன்னொண்ணு புதுசு. போன வாரந்தான் உள்ள வந்துருக்குது. திருச்செங்கோட்டுப் பக்கம்."

"யாருங்கண்ணா?"

"பாஸ்வேர்டு வேற யாருக்குங்க தெரியும்?"

உயிரோடு இருக்கிறாள். திருச்செங்கோட்டில் இருக்கிறாள். கையில் புதுப் போன் வைத்திருக்கிறாள். கடை வாசலில் நின்றுகொண்டு அழுதேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரம்தான். அப்புறம் கோபம் வந்தது. மூன்று வருஷம் கழித்துக் கதவைத் திறந்து உள்ளே வருகிறவள், வந்ததும் செய்கிற முதல் காரியம் எங்களைக் கூட்டிப் பெருக்கி வெளியே கொட்டுவதா?

தனபால் அண்ணன் குப்பைத்தொட்டியைக் காட்டினார். அழித்தது எல்லாம் அதில் கிடந்தது. கொஞ்ச நாளைக்கு அங்கேயே கிடக்குமாம், அதற்குள் திருப்பி எடுத்துக்கொள்ளலாமாம். அத்தனையையும் மீட்டேன்.

"மெமரி கார்டுல ஏத்திரட்டுங்களா? இருக்கறப்பவே எடுத்து வெச்சுக்கங்க. அப்பறம் அழுது புண்ணியமில்லைங்க."

"வேண்டாங்கண்ணா. எம் படத்த நானே எதுக்குத் திருடி ஒளிச்சு வெக்கோணும்? அவ அழிக்காம இருக்கட்டும்."

"கோவத்தப் பாரு. படிச்ச புள்ளைங்களே இப்பிடித்தான்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் படங்கள் மறுபடி போயின. நான் மீட்டேன். அதற்கு அடுத்த நாளும் போயின. மீட்டேன். சமவெளி வீடுகளில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்கிற நேரமாகப் பார்த்து அவள் அழிக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். அந்த நேரத்துக்குத் தொட்டி மேட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். அங்கே ஒன்று போகும், இங்கே நான் அதைத் திருப்பி வைப்பேன். சில சமயம் நான் வைத்த அடுத்த நொடியே போகும். அப்போது அவள் விரலும் என் விரலும் ஒரே படத்தின் மேல் இருக்கின்றன என்று தோன்றும். மெமரி கார்டு வேண்டாம் என்று சொன்னதன் உண்மையான காரணம் எனக்கு அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. காப்பி எடுத்துவிட்டால் அப்புறம் நான் எதற்கு மீட்பது? மூன்று வருஷத்தில் அக்காவும் நானும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அதையும் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அம்மா இருக்கிற படங்களைத்தான் அவள் முதலில் அழிப்பாள். அப்புறம் வீடு, காடு, கோயில். நான் ஹாஸ்டல் கட்டிலில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவதை அவள் திருட்டுத்தனமாக எடுத்த படம் ஒன்று உண்டு. அதை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லை. என் மேல் உள்ள பாசம் என்று நினைத்து இரண்டு நாள் பூரித்துக் கிடந்தேன்.

மூன்றாம் நாள் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன்: 'நான் அருளு. ஏன் அழிக்கற?' அதைப் படம் எடுத்து ஏற்றினேன். எங்கள் இருவருக்கும் ஒரே பெட்டி என்றால் நான் போடுவது அவளுக்கும் தெரியத்தானே வேண்டும்.

அன்றைக்கு ஒன்றும் அழியவில்லை. மறுநாள் ஒரு புதுப் படம் வந்தது. சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதியிருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்றவளின் அதே கோணல் எழுத்து.

'மாமியா போன பாக்குது. என் ஊரு முள்ளுக்குறிச்சின்னு சொல்லி வெச்சுருக்கேன். மலைன்னு தெரிஞ்சா என் கையில தண்ணி வாங்கிக் குடிக்காது. மீட்காத சாமி.'

படத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பாதம். கறுப்புக் கயிறு கட்டிய கணுக்கால்.

நான் பார்த்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது. குப்பைத்தொட்டியிலும் இல்லை. அதை மட்டும் அடியோடு அழித்திருந்தாள்.

முள்ளுக்குறிச்சி. மலை ஏறுவதற்கு முன்னால் வரும் அடிவாரத்து ஊர். அங்கேயிருந்து எங்கள் வீடு வரைக்கும் நடுவில் என்ன இருக்கிறதோ அதைத்தான் அவள் அழித்துக்கொண்டிருந்தாள். என் தூங்கும் படத்தை விட்டுவைத்தது பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதில் மலை தெரியாது. ஒரு சுவரும் ஒரு கட்டிலும்தான். அம்மாவைப் பார்த்தால் தெரிந்துவிடும், முள்ளுக்குறிச்சி இல்லை என்று. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை எழுத, அவ்வளவு பெரிய தரையில் இடம் இல்லையா அவளுக்கு?

ஞாயிற்றுக்கிழமை அப்பா சந்தைக்குப் போயிருந்தார். அம்மா காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் செம்மண். தலையில் சும்மாட்டுத் துணி. பின்னால் மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை. இதைவிட மலைக்காரியாக ஒருத்தியால் நிற்க முடியாது. இந்தா, இதை வைத்துக்கொள், உன் மாமியாரிடம் காட்டு என்று போனைத் தூக்கினேன்.

"அம்மா, அப்பிடியே நில்லு."

"என்னத்துக்கு கண்ணு?"

"சும்மா."

"சும்மா எதுக்கு என்னயப் போட்டோ புடிக்கற? வேலைக்குப் படம் பத்தலையா?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். கிழங்கைக் கீழே போட்டாள். "இரு, வாரேன்."

வீட்டுக்குள் போனாள். வெளியே வர நேரமானது. முகம் கழுவி, தலையில் தண்ணீர் தொட்டு வாரி, நோன்பிக்கு மட்டும் எடுக்கிற மஞ்சள் சேலையைக் கட்டியிருந்தாள். காதில் கல் வைத்த தோடு. எனக்கு எரிச்சல்.

"மண்ணோட நின்னாத்தாம்மா நல்லாருக்கும்."

"மண்ணோட எதுக்கு நிக்கறது? பாக்கறவிய என்ன நெனப்பாங்க?"

"யாரு பாக்கறாங்க இப்ப?"

அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். "உங்கொப்பன் வரங்காட்டியும் எடு," என்றாள்.

எடுத்தேன். போனைப் பார்க்கிற மாதிரி அவள் பார்க்கவில்லை. போனுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

தொட்டி மேட்டுக்கு ஓடிப்போய் ஏற்றினேன். எழுத்து எதுவும் போடவில்லை. அம்மாவின் படம் மட்டும். மத்தியானம் வந்தது, போனது. படம் அங்கேயே இருந்தது. மறுநாளும் இருந்தது. வேறு எதுவும்கூட அழியவில்லை. அன்றைக்கு மாதம்மாளின் கேலிக்கு நானும் பதில் கேலி சொன்னேன். "ஐயோ, பொறுப்பாளரம்மா சிரிச்சுட்டாங்கடி, மழ வரப்போவுது," என்றார்கள்.

அதற்கு அடுத்த நாள் திறந்தபோது போன் என்னிடம் பாஸ்வேர்டு கேட்டது. தெரிந்ததை அடித்தேன். தப்பு என்றது. திரும்ப அடித்தேன். மாற்றிவிட்டார்கள் என்றது.

தனபால் அண்ணன் ரொம்ப நேரம் முயன்று பார்த்தார். "புது பாஸ்வேர்டு போட்டுட்டு உங்க போன வெளிய தள்ளிட்டாங்க. நான் கேட்டா ரகசிய எண்ணு அவுங்க நம்பருக்குத்தான் போவும். ஊட்டுக்காரியே பூட்ட மாத்திட்டா நம்ம என்னங்க பண்றது?" மெமரி கார்டைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. பேசியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கிழங்குக் குவியல் இல்லை. நோன்பி இல்லை. இரும்புப் பெட்டியோடு முறைக்கிறவள் இல்லை. என் வாய் பிளந்த தூக்கமும் இல்லை. அதை எடுத்தது அவள் என்பதால்தான் அது எனக்கு வேண்டியிருந்தது. போனில் மிச்சம் இருந்தவை வரிசையாக நிற்கிற பெண்களின் வேலைப் படங்களும், இதிலேயே எடுத்ததால் தங்கிவிட்ட அம்மாவின் படமும். அக்காவின் மூக்கு எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். அதற்குள்ளாகவே சரியாக வரவில்லை.

வீட்டில் அம்மா மிளகு காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. நிமிராமலே கேட்டாள்.

"பாத்தாளா?"

யார் என்று நான் கேட்கவில்லை. அக்காவின் படங்கள் போனில் இருப்பது மூன்று வருஷமாக எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

"பாத்தா. ரெண்டு நாள் அழிக்காம வெச்சிருந்தா."

"அப்பறம்?"

"அப்பறம் என்னய வெளிய தள்ளிப் பூட்டிட்டா. இனி அவ போடறது எனக்கு வராது. நான் போடறது அவளுக்குப் போவாது. அவ ஊட்ல நம்மளத் தெரியக் கூடாதாம்மா. நம்ம முள்ளுக்குறிச்சியாம்."

சொல்லக் கூடாது என்றுதான் வந்தேன். என் வாய்க்கு மறைக்கத் தெரியாது. அம்மா பாயைச் சுவரோரம் சாய்த்தாள். கையைத் தட்டினாள்.

"கொழந்த இருக்குதா?"

"கால் பாத்தேன்."

"கால் எப்பிடி?"

"குண்டுக் கால். கறுப்புக் கயிறு கட்டிருந்துச்சு."

அம்மா உள்ளே போய் அந்த மஞ்சள் சேலையை எடுத்துவந்து, கட்டாமல் மேலே மட்டும் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கி நான் சிரிக்கல. இன்னொண்ணு எடு."

"எடுத்து எங்கம்மா அனுப்பறது? அதான் பூட்டிட்டான்னு சொல்றேனே."

"அனுப்பறது கெடக்குது. நீ மொதல்ல எடு."

எடுத்தேன். மூன்றாவது தடவைதான் சரியாகச் சிரித்தாள்.