சோலோதுர்னுக்கு ஐந்தே கால் மணி நேரம்

மூன்றாம் நாள் முற்பகலில் சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைமுகட்டுப் புல்வெளியில் பச்சை என்று சொல்ல ஓரிடமும் மிஞ்சியிருக்கவில்லை. ஆடி வெயில் அதை வைக்கோல் நிறத்துக்குக் கருக்கிவிட்டிருந்தது. அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையையெல்லாம் விழுங்கிவிட்டு, ஓடையென்று ஒன்றைக்கூட விட்டுவைக்காத நிலம். நிழலுக்கு அரை மணி நடைக்கொரு மரம் வந்தால் பெரிய காரியம்.

பிரவீனனுக்கு முன்னால் அவனுடைய அண்ணி சந்திரமதி நடந்துகொண்டிருந்தாள். லா ஷோ-து-ஃபோனிலுள்ள வீட்டு வாசலில் தொடங்கிய நடை அது. சோலோதுர்னில் உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்துக்குப் போன இடத்தில் அவள் கணவர் சண்முகநாதன் மூளையில் இரத்தம் கசிந்து விழுந்து பத்து நாளாகியிருந்தது, நினைவு திரும்பவில்லை. மகள் யாதவியை அங்குள்ள ஆஸ்பத்திரிக் கட்டிலருகே விட்டுவிட்டு ஊர் திரும்பிய சந்திரமதி, தன் வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை எந்த வாகனத்திலும் கால் வைக்காமல் நடந்து வருவதாக முருகனுக்கு நேர்ந்துகொண்டாள்.

பிரவீனனுக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. கடிகாரத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் பற்சக்கரங்களைப் பார்த்தவன். காரணமில்லாமல் எதுவும் சுழலாது என்பது அவன் கட்சி. அண்ணியைத் தனியே விட மனமில்லாமல் லீவு போட்டு வந்திருந்தான்.

மாடுகளுக்கென்று உழவு இயந்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்திருந்த பண்ணைக்காரர் அவர்களுடைய போத்தல்களையும் நிரப்பிக் கொடுத்தார்.

"மாட்டின்ரை தண்ணியிலை பங்கு கேக்கிற நிலைக்கு வந்திட்டம், அண்ணி. உங்கடை முருகன் ஒரு முகிலையாவது அனுப்பியிருக்கலாம்."

"அன்னதானத்துக்கு மட்டும் கோயிலுக்கு வாற ஆள் முகில் கேக்கிறார். பேசாமல் குடியும்."

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. யாதவி.

"சித்தப்பா, அப்பாவுக்குப் பிறஷர் இறங்கிக்கொண்டு போகுதாம். இன்னும் ரெண்டு மணித்தியாலம் தாங்கினால் பெரிசாம். அம்மாட்டைச் சொல்லுங்கோ."

எதிரே நின்ற மஞ்சள் வழிகாட்டிப் பலகை, இந்நாட்டு வழக்கப்படி, தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொன்னது: சோலோதுர்னுக்கு ஐந்தே கால் மணி. அதுவும் பழகிய கால்களுக்கான கணக்கு. கீழே, பத்து நிமிட இறக்கத்திலிருந்த உணவகத்தின் முன்னாலிருந்து கிரெங்கன் நகருக்குப் பஸ் இருந்தது. அங்கே ரயில் பிடித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

எதையும் பூசி மெழுகாமல் அவன் சொல்லி முடித்தான். சந்திரமதி தாழ்ந்த கல்மதிலில் உட்கார்ந்து, அவிழாத சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். அவள் மறுப்பாள் என்று எண்ணி, நேர்த்திக்கடனைப் பிறகு செலுத்தலாம், முருகன் கோபிக்கமாட்டார் என்றெல்லாம் அவன் சொற்களை அடுக்கி வைத்திருந்தான்.

"பஸ் எத்தினை மணிக்கு?" என்றாள் அவள்.

அடுக்கி வைத்த சொற்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இறங்கும் வழியெல்லாம் அவன் தன்னையறியாமல் பின்தங்கியே நடந்தான். பஸ்ஸின் கதவு திறந்து அவள் அதன் முன் நின்றபோதுதான் அது ஏனென்று விளங்கியது. மூன்று நாட்களாக அவளைக் கேலிசெய்துகொண்டே, அவள் எடுத்துவைத்த ஒவ்வோர் அடியின் மீதும் அண்ணன் பிழைத்துவிடுவார் என்ற தன் ஆசையின் பாரத்தையும் அவன் சாய்த்துவந்திருக்கிறான்.

"அண்ணி, நடப்பம்," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "டொக்டர்மாரும் பிழை விடுறவைதானே. நீங்கள் ஏறாதேங்கோ. நான் போய் அண்ணையைப் பாக்கிறன், நீங்கள் நடந்து வாங்கோ."

"விசர்க்கதை கதையாதையும், பிரவீனன். அந்த மனிசன் சாகேக்கை நான் பக்கத்திலை இருக்கவேணும்."

சாவென்ற அந்தச் சொல்லைப் பத்து நாளில் அவள் முதல் தடவையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு ஏறிப்போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சாரதி அவனைப் பார்த்தார். அவனும் ஏறினான்.

முதல் வளைவு திரும்பும்போது யாதவி மறுபடி அழைத்தாள்.

"எங்கை நிக்கிறியள், சித்தப்பா?"

"வாறம், பிள்ளை. ஒரு மணித்தியாலத்துக்குள்ளை வந்திடுவம்."

ஒலிபெருக்கி அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஜெர்மன் மொழியில் அறிவித்தது. அது மறுமுனைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மா பஸ்ஸிலையோ?"

"ஓம்."

"அப்ப அம்மாவும் நம்பிக்கையை விட்டிட்டா," என்றாள் அவள். ஆஸ்பத்திரி இயந்திரமொன்று சீராகச் சத்தமிடுவது கேட்டது. பிறகு அவள் அழத் தொடங்கினாள்.