நான்கு பிரதிகள்

அண்ணி கூப்பிட்டபோது நான் மதியச் சாப்பாட்டு டப்பாவின் இறுகிப்போன மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வாலுவுக்குக் காய்ச்சல் குறைந்திருக்கிறது, மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறேன் என்றார். வாலு என்பது என் அண்ணன் மகள், எட்டு வயது. அப்புறம் போகிற போக்கில், அண்ணன் படங்கள் ஏற்றி வைத்திருந்த கணக்கை நேற்று மூடிவிட்டதாகச் சொன்னார். அண்ணன் இறந்த பிறகு இரண்டு வருடமாக யாரும் தொடாத கணக்கு, வைத்துக்கொள்கிறீர்களா என்று எங்கள் நிறுவனத்திலிருந்தே கடிதம் போயிருக்கிறது. ஒரு வாரம் அதைப் பார்த்துப் பார்த்து அழுதுவிட்டு, வேண்டாம் என்று அழுத்திவிட்டாராம்.

"அதுல இருந்ததெல்லாம் நம்மகிட்டயும் இருக்கே. நீதானே சொன்ன, வீடியோ நாலு இடத்துல பத்திரமா இருக்குன்னு."

ஆமாம் அண்ணி என்றேன். போனை வைத்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

என் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீட்டில் கொட்டாவி விடுவார்கள். ஊரார் தங்கள் படங்களையும் காகிதங்களையும் எங்கள் இயந்திரங்களில் ஏற்றி வைக்கிறார்கள். ஒரே கல்யாணப் படத்தை நாற்பது சொந்தக்காரர்கள் ஏற்றுவார்கள். நாற்பதையும் வைத்தால் இடம் தாங்காது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற முப்பத்தொன்பது பேர் கணக்கிலும் 'அது அங்கே இருக்கிறது' என்று ஒரு குறிப்பு எழுதி வைப்போம். முதலில் இரட்டிப்பைக் களைய வேண்டும், பிறகு சுருக்க வேண்டும், கடைசியில்தான், சாவி இல்லாதவருக்கு வெறும் குப்பையாகத் தெரியும்படி, பூட்ட வேண்டும். ஆளுக்கொரு சாவியால் பூட்டிவிட்டால் அதே படம் நாற்பது வெவ்வேறு குப்பையாகத் தெரியும். ஒப்பிடவும் முடியாது, சுருக்கவும் முடியாது. இந்த ஏற்பாட்டை எழுதியவள் நான்தான்.

பலருக்கும் பொதுவானதைப் பொதுச் சாவியால் பூட்ட வேண்டும். ஆனால் சோதனை ஓட்டத்தின் முதல் வாரத்தில் பொதுச் சாவி தயாராகவில்லை. யார் முதலில் ஏற்றினார்களோ அவர்களுடைய சாவியாலேயே பூட்டும்படி வைத்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பொதுச் சாவி வந்தபோது புதிதாக வந்தவற்றுக்கெல்லாம் அதைப் போட்டுவிட்டு, அந்த ஒரு வாரத்துச் சரக்கைச் சுத்தமாக மறந்துபோனேன்.

அந்த வாரம் ஏற்றியவர்கள் எங்கள் அலுவலகத்து ஆட்களும் அவர்கள் குடும்பங்களும்தான். அதே வாரத்தில்தான் அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல் போய்விடும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நான்கு நிமிட வீடியோ எடுத்தான். கடைக்குச் செருப்பு வாங்கப் போன யானையின் கதை, அவனே கட்டியது. கதை முடிந்ததும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மகளின் பெயரை மூன்று முறை சொல்வான். கூப்பிடுவது போல ஒரு முறை, திட்டுவது போல ஒரு முறை, தூங்க வைப்பது போல ஒரு முறை. அதைத் தன் கணக்கில் ஏற்றிவிட்டு எங்களுக்கு அனுப்பினான். அம்மா, அண்ணி, நான், மூவரும் ஏற்றினோம். எங்கள் கணக்குகளில் விழுந்தது வெறும் குறிப்பு, பூட்டியது அண்ணனின் சாவி. மேலேதான் நாலு பிரதி இருக்கிறதே, போனில் எதற்கு இடத்தை அடைத்துக்கொண்டு என்று எல்லோரையும் அழிக்கச் சொன்ன மகராசியும் நானே.

என் கணக்கைத் திறந்து வீடியோவை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

சாவிகளைக் கவனிப்பவரைச் சாவி அண்ணன் என்போம். கணக்கை மூடினால் மறுநாள் காலை அந்தச் சாவியை அவர் அழித்துவிடுவார். அதன்பின் கடவுளே வந்து கேட்டாலும் உள்ளே இருப்பதைத் தர முடியாது. அதுதான் எங்கள் நிறுவனத்தின் பெருமை. நான் போனபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்தரை மணிப் பட்டியல் போய்விட்டதா என்று கேட்டேன். பதினோரு சாவி, எல்லாம் அழித்தாயிற்று என்றார். ஒன்றை மட்டும் மீட்க முடியுமா என்றேன்.

"அழிச்சா அழிச்சதுதாம்மா. அதுக்குத்தானே ரெண்டு பேர் கையெழுத்து வாங்குறோம்." காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "ரெண்டாவது உன்னோடது."

பட்டியலில் பெயர்கள் இருக்காது, எண்கள் மட்டும். காலையில் ஒரு கையில் டீயோடு போட்டிருக்கிறேன். பேனா சரியாக எழுதவில்லை என்று அழுத்தி வேறு போட்டிருக்கிறேன்.

மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மற்றவர்களுக்கும் இது நடந்துவிடாதபடி, எந்தச் சாவியையும் அழிக்க வேண்டாம் என்று உடனே உத்தரவு போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும். இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் வாலு அந்த வீடியோவைப் பார்க்கும் டேப்லெட் நினைவுக்கு வந்தது. அண்ணியைக் கூப்பிட்டு, அவள் இன்று அந்த வீடியோவைப் பார்த்தாளா என்று கேட்டேன். எட்டு மணிக்குப் பார்த்தாள், பாதியில் நிறுத்தி மருந்து கொடுத்தேன், அப்படியே தூங்கிவிட்டாள் என்றார். அப்படியானால் அதுவரை இறங்கிய பகுதி இன்னும் டேப்லெட்டிலேயே இருக்கலாம்.

"அண்ணி, அந்த டேப்லெட்ட யாரும் தொடாதீங்க. மூடாதீங்க. சார்ஜர் மட்டும் மாட்டுங்க."

"சரி, வா," என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்றது. வாலு தூக்கத்தில் கை போடுவாள், மின்சாரம் போகும், அம்மா மேசையைத் துடைக்கிறேன் என்று எதையாவது அழுத்துவார்.

வீட்டில் வாலு விழித்திருந்தாள். கட்டிலில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் தொடவே இல்ல அத்தை."

திரையில் அண்ணன் பாதி திறந்த வாயோடு நின்றிருந்தான். அவனுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, ஏற்கெனவே இறங்கி வந்துவிட்ட பகுதியைக் காட்டுவது. வெள்ளைப் புள்ளி நடுவில் இருந்தது. சாம்பல் கோடு அதைத் தாண்டிப் போய், முடிவுக்கு ஒரு விரல் அகலம் முன்னால் நின்றுவிட்டது. அவன் மகள் பெயரைச் சொல்லும் இடம் கோட்டுக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று எவ்வளவு கணக்குப் போட்டும் தெரியவில்லை.

"நாலு பிரதி இல்ல அண்ணி. இருந்தது ஒண்ணுதான். அது என்னாலதான் போச்சு."

அண்ணி தன் போனை எடுத்து, டேப்லெட்டுக்கு நேரே பிடித்து, பதிவை அழுத்தினார். முழங்கையைத் தலையணையில் ஊன்றிக்கொண்டார். தெருச் சத்தம் வராமல் நான் ஜன்னலைச் சாத்தினேன். முதலிலிருந்து ஓட்டினால் இருப்பதும் போய்விடுமோ என்று பயந்து, நின்ற இடத்திலேயே தொடங்கலாம் என்றேன்.

"போடு," என்றார்.

யானை கடைக்காரரிடம் நான்காவது செருப்பைக் கேட்டது. வாலுவின் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. கடைக்காரர் இல்லை என்றார், யானை நொண்டிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்பியது. கதை முடிந்தது. அண்ணன் மூச்சை இழுத்தான். வாலு என் விரலைப் பிடித்துக்கொண்டு காதைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். சாம்பல் கோட்டின் நுனிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு நகக்கீற்று இடம் இருந்தது.